ஒரு மாதம் நடந்த சட்டை

மடிப்பக்காவுக்கு அந்தப் பெயர் சலவைக்கடையில் வந்தது. அவள் இஸ்திரி போட்ட கால்சட்டையின் மடிப்பைத் தொட்டால் விரல் அறுந்துவிடும் என்று அங்கே ஒரு பேச்சு. யாருக்கும் அறுந்ததில்லை. பேச்சுக்கு அதெல்லாம் எதற்கு?

வருஷக்கணக்காக ஊர் அழுக்கையெல்லாம் போக்கிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு, நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை தயாரிக்கக் கற்றுத்தரும் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"படத்துல ராஜா உடம்புல எங்கயுமே பட்டன் தெரியல. அப்ப அந்தச் சட்டையை எப்படித்தான் மாட்டுறாரு?"

முதல் நாளே விடை கிடைத்துவிட்டது. ராஜாவுக்கு முதுகில் ஜிப். விடை கிடைத்ததும் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி தீர்ந்த இடத்தில் ஒன்பது முளைத்தன. தொப்பையில்லாத நடிகனுக்குத் தொப்பை எங்கிருந்து வருகிறது? அரை நிமிஷத்தில் உடை மாற்றுகிறார்களே, அந்தப் புடவையை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்? கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வகுப்பு நடந்தது ஒரு நாடக அரங்கின் பின்பக்கக் கூடத்தில். நடுவே துணி வெட்டும் நீள மேசை, சுவரோரம் தலையில்லாத பொம்மைகள், ராஜாவின் அங்கியும் பிச்சைக்காரனின் கந்தலும் தோளோடு தோள் உரசித் தொங்கும் கம்பி, மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சொல்லிக்கொடுக்கும் மேடம் மடிப்பக்காவைவிட ரொம்பச் சின்னவர். இவள் கல்யாணம் பண்ணிக்கொண்ட காலத்தில் அவர் பால்பல் விழுந்த வாயோடு ஓடித் திரிந்திருப்பார். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை மேடம் என்பாள். ஒருவரைக் கண்டால் மற்றவர் எழுந்து நிற்பார். வகுப்பில் பாதி நேரம் இரண்டு பேரும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

கூடப் படித்தவர்களில் வாய் நீளமானவன் ஜிப்பு. முதல் வாரத்தில் ஒரு நடிகருக்கு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, கடைசியில் கத்தரிக்கோலால் அவரை விடுதலை செய்தவன்.

வகுப்பு முடியும்போது, அரங்கை நடத்தும் நாடகக் குழு ஒரே ஒருவரை உடைப் பிரிவில் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மடிப்பக்காவுக்கு அந்த வேலை வேண்டும். சலவைக்கடையில் அவள் நின்ற இடத்தில் வேறு ஆள் நிற்க ஆரம்பித்தாயிற்று. ஆகவே இது கிடைக்காவிட்டால் எதுவுமில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடியும் முன்பே, எல்லோருக்கும் முன்னால் வந்து கதவைத் திறந்தால், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சட்டை தொங்கியது. அடக்கடவுளே என்றிருந்தது. கழுத்துப்பட்டை நைந்து, முழங்கை கிழிந்து, பட்டன் ஒன்று காணாமல், மண்ணும் எண்ணெயும் வியர்வையுமாக. நாளை சாயங்காலம் ஒத்திகை. இதையா ஒரு மனுஷன் போட்டுக்கொண்டு மேடையேறுவது?

அவள் கை சும்மா இருக்குமா? ஊறவைத்தாள், தேய்த்தாள், அலசினாள், மின்விசிறியடியில் காயவைத்தாள். கிழிசலைக் கண்ணுக்குத் தெரியாமல் இழையோட்டினாள். அதே நிறத்தில் பட்டன் தேடி வைத்தாள். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, வாசலைப் பார்த்தாற்போல் நின்ற பொம்மைக்கு மாட்டிவிட்டாள். சட்டை பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி நின்றது.

முதலில் வந்தவன் ஜிப்பு. பார்த்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மடிப்பக்கா... இது யாரு பண்ணா?"

"நான்தான்! எவனோ மேசை துடைச்சுப் போட்டிருக்கான்டா. கேக்க ஆளில்ல."

"மேசை துடைக்கலக்கா. மேடம் ரெண்டு நாளா உக்காந்து அழுக்காக்கினாங்க. நேத்துதான் முடிஞ்சுது."

"அழுக்கை... ஆக்கினாங்களா?"

அவள் படுத்திருந்த நாட்களில்தான் அந்தப் பாடம் நடந்திருக்கிறது. புதுத் துணியைப் பழசாக்குவது. உப்புத்தாள், துருவி, மெழுகு, டீத்தண்ணீர், சலித்த மண். நாடகத்தில் ஓர் அண்ணன், தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒரு மாதம் நடக்கிறான். நாலாவது காட்சியில் வந்து நிற்கிறான். வசனமே கிடையாது. அவன் பட்ட பாட்டையெல்லாம் அந்தச் சட்டைதான் சொல்ல வேண்டும். நிறம் கலையாமலிருக்க அடிக்கும் கடைசிப் பூச்சுக்காகத்தான் தொட்டிப் பக்கம் தொங்கவிட்டிருந்தார்கள்.

மேடம் வந்தார். சட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இழையோட்டினது ரொம்ப நல்லாருக்குக்கா," என்றார். திட்டியிருந்தால் தேவலை. "திரும்ப நீங்களே பண்ணிடுங்க. நாளைக்கு டைரக்டர் பாக்குறதும் இதைத்தான், உங்களை எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதும் இதை வச்சுத்தான். நான் உதவுறேன். ஆனா உங்களுக்காக நான் பண்ண முடியாது."

மத்தியானத்துக்குள் மடிப்பக்கா சட்டையை அழுக்காக்கிவிட்டாள். இழையைப் பிரித்தாள், துருவியால் தேய்த்தாள், டீத்தண்ணீரில் முக்கினாள். கழுத்தைச் சுற்றி ஒரே அகலத்தில் கறுப்பு. இரண்டு முழங்கையிலும் ஒரே அளவில் கிழிசல். முதுகில் நட்டநடுவே வியர்வைக் கறை, அளந்து வைத்தது போல.

ஜிப்பு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அழுக்கைக்கூட மடிச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்கீங்களே!"

"வாயை மூடுடா. மேடம், நீங்க சொல்லுங்க."

"இது அழுக்கு இல்லக்கா, சாயம். இந்த ஆளு ஒரு மாசமா என்ன பண்ணான்?"

"நடந்தான்."

"நடந்துட்டு?"

மடிப்பக்கா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை காலம் அழுக்கைப் பார்த்த மாத்திரத்தில் விரட்டியவள். எங்கேயிருந்து வந்தாய் என்று அதை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தாள். ஒருத்தியின் ரவிக்கை, பை மாட்டும் தோளில் மட்டும் வெளுத்திருந்தது. ஒருவரின் பேனா வைக்கும் சட்டைப்பையின் அடியில் ஒரு நீலப் பொட்டு. முன்சீட்டுக்காரரின் கழுத்துப்பட்டை ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்க, அவள் எழுந்து கிட்டப் போய்க் குனிந்தாள்.

அவர் திரும்பினார். "என்னம்மா, பூச்சியா?"

"இல்லங்க, அழுக்கு. ரொம்ப நல்லா இருக்கு. எப்பவும் இந்தப் பக்கமாத்தான் சாஞ்சு தூங்குவீங்களா?"

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்பது தெரியவில்லை.

வீட்டில் கணவர் வேலை உடுப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வழக்கமாக அதை அப்படியே வாளியில் அமுக்குவாள். இன்றைக்கு விளக்கடியில் விரித்து வைத்துப் படித்தாள்.

"என்ன, என் கால்சட்டையில நியூஸ் ஏதாவது வந்திருக்கா?"

"ஏங்க, இடது முட்டி மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? வலது சுத்தமா இருக்கே?"

"லிஃப்ட் பள்ளத்துல இறங்கி முட்டி போடுவேன்ல. இடதைத்தான் ஊனுவேன்."

"வலதை ஊனினா என்ன?"

"வலிக்கும்."

"எப்பலேந்து?"

அவர் துண்டை உதறிக்கொண்டே, "இருக்கும், ரெண்டு மூணு வருஷம்," என்றார். "அதை விடு. பசிக்குது."

ரெண்டு மூணு வருஷம். வாரா வாரம் அந்த இடது முட்டியைக் கல்லில் போட்டுத் தேய்த்தவள் அவள்தான். பளிச்சென்று ஆக்கிக் கொடுத்ததில் பெருமை வேறு. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, அவருடைய இன்னொரு கால்சட்டையை எடுத்து, வலது முட்டிக்கு உள்பக்கமாகப் பஞ்சு வைத்துத் தைத்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அண்ணன் வேஷக்காரரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"தம்பியைத் தேடுறீங்களே, போட்டோவை எங்க வச்சிருக்கீங்க?"

"போட்டோவா? நாடகத்துல போட்டோவே இல்லையேக்கா."

"அப்ப எதைக் காட்டித் தேடுறீங்க? 'என் தம்பி என்னை மாதிரியே இருப்பான், கொஞ்சம் குட்டை'ன்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதானே. சட்டைப் பையிலதான் வச்சிருப்பேன்."

"எடுங்க பாப்போம். எந்தக் கை? சரி, இப்ப கால் வலிக்குது, சுவர்ல சாயுங்க. எந்தத் தோள்? வேர்வையைத் துடைங்க. கைக்குட்டை கிடையாது."

அவர் வலது கையை மடக்கி, சட்டைக் கைப்பகுதியால் நெற்றியைத் துடைத்தார். அவள் ஊசியை வாயில் கவ்வியபடி சாக்கட்டியால் அங்கங்கே குறி போட்டாள். புதுத் துணியில் அதே சட்டை இன்னொன்று தயாராக இருந்தது, அதில் ஆரம்பித்தாள். ஒரு தோளில் சுவர்ச் சுண்ணாம்பு. ஒரு கையில் மட்டும் வியர்வை உப்பு. பையை நனைத்து உள்ளே அட்டையும் கூழாங்கல்லும் போட்டுத் தொங்கவிட்டாள். காய்ந்தபோது அதன் வாய் சோர்ந்து பிளந்திருந்தது. அந்த வாயின் விளிம்பில், இரண்டு விரல் நுழையும் இடத்தில் மட்டும், மெழுகும் கரியும் வைத்து விரலாலேயே தேய்த்தாள். ஒரு மாதத்தில் எத்தனை பேரிடம் எடுத்துக் காட்டியிருப்பான்? அத்தனை முறையும் தேய்த்தாள். மேடம் பக்கத்தில் வந்து நின்று, மெல்லிய உப்புத்தாளை நீட்டினார். கடைசிப் பூச்சையும் அவரே அடித்துக் காட்டினார்.

சாயங்காலம் ஒத்திகை. நாலாவது காட்சி. அண்ணன் மேடைக்கு வந்தான், நின்றான். எங்கோ பார்த்தான். கை தானாகப் பைக்குப் போயிற்று. இரண்டு விரல் உள்ளே நுழைந்து வெறுமனே வெளியே வந்தன.

"நிறுத்து!" டைரக்டர் எழுந்தார். "அது என்ன? நான் சொல்லலையே."

"தெரியல சார். பாக்கெட் அப்படி இருக்கு. கை போயிடுச்சு."

பின்வரிசையில் மடிப்பக்கா, ஜிப்புவின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

டைரக்டர் மேடையேறி அந்தப் பையை விரலால் விரித்துப் பார்த்தார். "ஒரு போட்டோ ரெடி பண்ணுங்கப்பா," என்றார். அப்புறம், "சட்டை யாரு?"

ஜிப்பு, நசுங்காத கையை முழுசாக நீட்டிக் காட்டிக்கொடுத்தான்.

"அடுத்த நாடகத்துல ஒரு கோட்டு வருது," என்றார் டைரக்டர், இறங்கி அவளிடம் வந்து. "ஒருத்தன் கல்யாணத்துக்குத் தைச்சது. எட்டு வருஷம் கழிச்சு அதைப் போட்டுட்டு வர்றான். நீங்க இங்கயே இருந்து பண்ணுங்க. மத்ததை மேடம்கிட்ட பேசிக்கலாம்."

நன்றி சொல்ல வேண்டிய இடம். பக்கத்தில் நின்ற மேடம்கூட, சொல்லுங்க என்று இடுப்பில் கிள்ளினார்.

"நடுவுல எத்தனை தடவை போட்டான் சார்?" என்றாள் மடிப்பக்கா.

"யாரு?"

"கோட்டுக்காரன். எட்டு வருஷத்துல. ஒரு தடவைகூடப் போடலன்னா மடிப்பு மட்டும்தான் மஞ்சளாகும். அடிக்கடி போட்டான்னா அக்குள் போயிருக்கும். இல்ல, பொண்டாட்டி அப்பப்ப வெயில்ல எடுத்துப் போட்டாளா?"

டைரக்டர் நாடகம் எழுதினவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டேயிருக்க, பதில் எப்போது வரும் என்று மடிப்பக்கா அவர் காதருகே எக்கி நின்றாள்.