புளித்த தயிரில் ஒரு பீட்சா

கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவு அடியில் கருகும்போது எப்படி மணக்கும் என்பதை, திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஒழுங்கையின் பதினொரு வீடுகளும் ஒரே வெள்ளிக்கிழமையில் அறிந்துகொண்டன. அப்பம் சுடுகிறார்களாக்கும் என்று வேலிக்கு மேலால் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். குசினிக்குள் அப்பா நிற்பதைக் கண்டு சிரித்துக்கொண்டு போனார்கள்.

அப்பா நிலாவெளியில், வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் சிறிய ஹோட்டல் ஒன்றில் சமையற்காரர். மாரி தொடங்கினால் அதைப் பூட்டிவிடுவார்கள். திறக்க ஆறு மாதம் செல்லும். அந்த வருடம் பூட்டுவதற்கு முந்திய கிழமை, இத்தாலிக்காரப் பெண்ணொருவர் தானே குசினிக்குள் புகுந்து பீட்சா செய்துவைத்தார். அதை ருசித்த மனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, "வாற சீசனுக்கு இது கட்டாயம் வேணும். ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போகமுந்தி உம்மட வீட்ட வாறன், செய்து காட்டும். ஏலாதெண்டால் நான் வேற ஆள் பார்க்கவேணும்" என்று சொல்லிவிட்டார். குளிர்ப்பெட்டியை நிறுத்தியதால் கெட்டுப்போகவிருந்த மிச்சங்களையும் அப்பாவிடமே கொடுத்துவிட்டார்: பதினான்கு தக்காளி, ஒன்பது கறிமிளகாய், மூன்று முறைக்குக் காணும் சீஸ். எண்ணியவன் நான். பத்து வயதிலேயே எதையும் எண்ணிப் பார்த்துக் கவலைப்படும் குணம் எனக்கு வந்துவிட்டது.

பாண் சுடும் "போறணை" எங்களிடம் இல்லாததால் அப்பா ரொட்டித் தாச்சியிலேயே சுட்டார். வெள்ளிக்கிழமைப் பீட்சா கீழே கரி, மேலே பச்சை. சனிக்கிழமை நெருப்பைத் தணித்தார்; அடி தப்பியது, ஆனால் சீஸ் உருகவே இல்லை.

"கறியை ரொட்டிக்கு மேல வைச்சுச் சுட இவ்வளவு பாடோ? தொட்டுத் தின்னலாமே" என்றார் அம்மா.

"பகிடி விடாதையும். என்ர வேலை போகப்போகுது."

அம்மாவின் சிரிப்பு நின்றது. தாச்சியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் சுடேக்க மூடிக்கு மேலயும் தணல் போடுறமெல்லோ? இதுக்கு மட்டும் ஏன் கீழ போட்டு எரிக்கிறியள்?" என்று கேட்டார். அப்பா தன் தலையிலேயே ஒருமுறை தட்டிக்கொண்டார்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது, காற்றுப் படட்டும் என்று அப்பா யன்னலில் வைத்திருந்த கடைசிச் சீஸ் தெரியாத அளவுக்கு எறும்பு மொய்த்திருந்தது. அப்பா கதிரையில் இருந்துவிட்டார். மனேஜர் வர நான்கு மணித்தியாலம் இருந்தது.

அம்மா, புதன்கிழமை வாங்கிய கிண்ணியாத் தயிர்ச் சட்டியை எடுத்துவந்தார். யாரும் வாயில் வைக்கமுடியாதபடி புளித்துப்போன எருமைத் தயிர் அது. அதைத் துணியில் கட்டி அம்மிக் குழவியைப் பாரம் வைத்தார். நீர் வடிந்து இறுகியதும் உப்பும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து மாவின் மேல் பரப்பினார். மிஞ்சியிருந்த ஐந்து தக்காளியும், முதல்நாள் பொரித்து மீந்த உதிர்த்த நான்கு துண்டு அறக்குளா மீனும் அதன் மேலேறின. மூடியின் மேல் சிரட்டைத் தணல் சிவந்து கிடந்தது.

மனேஜர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இது பீட்சா இல்லையே" என்றார்.

"ஓம் சேர். சீஸில எறும்பு ஏறிப்போச்சு. இது மனுசி பிழிஞ்ச தயிர்" என்று அப்பா உள்ளதைச் சொன்னார்.

மனேஜர் மேலும் மூன்று துண்டு தின்றார். எட்டுத் துண்டில் இரண்டைப் பேப்பரில் சுற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு, "காயிதம் போடுறன்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

"வேண்டாமெண்டதைச் சொல்லாமல் சொல்லிப்போட்டுப் போறார்" என்றார் அப்பா.

"வேண்டாமெண்டவர் கொழும்புக் கோச்சியில ஏறித் தின்னக் கட்டிக்கொண்டு போவாரோ?" என்றார் அம்மா.

ஐம்பத்து மூன்று நாள் எண்ணினேன். பிறகு வந்த கடிதத்தில் இரண்டே வரிகள்: ஹோட்டல் திறக்கும் நாள், தயிரை எப்படிப் பிழிந்தார் என்று மனைவியிடம் கேட்டு எழுதிவைக்கவும்.

இன்று அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் ஒரு கிணறு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பீட்சாவை மோட்டார்சைக்கிளில் வாசல்வரை கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டு மிச்சங்கள் குளிர்ப்பெட்டியில் நாட்கணக்காகக் கிடக்கின்றன, என்னைத் தவிர ஒருவருக்கும் அவசரமில்லை. அப்பா அங்கே இன்னும் ஏழு சீசன் சமைத்தார். அந்த ஏழு மாரியிலும், அடுத்த வருடம் என்ன செய்வது என்ற கதை எங்கள் வீட்டில் ஒருநாளும் எழவில்லை.