சொட்டு மருந்து ஆராய்ச்சியும் எங்கள் வீட்டுப் ‘பரவால்லீங்க’வும்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு இருந்த குழப்பத்தில் பாதியாவது உங்களுக்குக் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன். மீதிப் பாதி எனக்கே இன்னும் தீரவில்லை.

எங்கள் ஊர் காரமடை. மகள் யாழினிக்கு மூன்று வயது. பள்ளிக்குப் போன நாளைவிட மூக்கு ஒழுகிக்கொண்டு வீட்டில் இருந்த நாள்தான் அதிகம். கோவையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், இப்படி அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் சொட்டு மருந்து கொடுத்தால் சளி குறைகிறதா என்று பார்க்கிறார்கள். நாங்களும் சேர்ந்தோம். பாதிப் பிள்ளைகளுக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே இனிப்பு, ஆனால் வெறும் சர்க்கரைத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்!

“டாக்டருக்கே தெரியலீன்னா அப்புறம் யாருக்குத்தானுங்க தெரியும்?” என்று கேட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்களாம். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிஸ்டர் என் கணவர் செந்திலின் போனுக்கு அழைத்துக் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். மூச்சில் விசில் மாதிரி சத்தம் வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள். செந்திலுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை. போன் அங்கேதான் வரும். அதனால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மூன்றாவது முறையாக மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே யாழினியின் நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம். “சிஸ்டருகிட்டச் சொன்னீங்களா?” என்றால், “பேசிட்டேன் அம்மணி” என்றார். சொல்லியாயிற்று, அவர்களும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள் என நினைத்து, அந்தத் திங்கட்கிழமை வரை சும்மா இருந்துவிட்டேன்.

காரமடையில் காலை எட்டரை மணிவாக்கில் ரயில். டிக்கெட் பத்து ரூபாய், குழந்தைக்குக் கிடையாது. வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் மலை தெரியும். எங்களுக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. முக்கால் மணி நேரத்தில் கோவை ஜங்ஷன். அங்கிருந்து ஆட்டோ. இருநூறு கேட்டவரிடம் பேசி நூற்றைம்பதுக்குப் போனோம்.

மருத்துவமனைக் கூடத்தில் ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர். லொக்கு லொக்கென்று ஒருத்தி ஆரம்பித்தால் அடுத்தவன் தொடர்கிறான். என் பக்கத்தில் போத்தனூரிலிருந்து வந்த ஷகிலா, மகனின் மூக்கைத் துடைத்துத் துடைத்தே கர்ச்சீப்பை நனைத்திருந்தார். சிஸ்டர் வெளியே வந்தார். கூடத்தைப் பார்த்தார். முகம் போன போக்கே சரியில்லை.

“ஏனுங்க, போன்ல எல்லாருமே நல்லாருக்குதுன்னு சொன்னீங்க. இங்க பாத்தா ஊட்டுக்கு ஊடு இருமலா இருக்குதே?”

 நான் செந்திலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க என்னதான் சொன்னீங்க?”

“பரவால்லீங்க, நல்லாருக்குதுங்கன்னு சொன்னேன். பாவம், வாராவாரம் அக்கறையாக் கேக்கறாங்க. மருந்தும் சும்மாக் குடுக்கறாங்க. நொட்டை சொல்றாப்பல ஆயிராதா?”

“அட மனுசா! அந்த விசில் சத்தம்?”

“அதச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவங்க ‘ரொம்ப சந்தோசமுங்க’ன்னு போன வெச்சுப்போட்டாங்க.”

ஷகிலா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நானும் அதேதானுங்க சொன்னேன். அவங்க மனசு நோகுமில்ல?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே டாக்டரம்மா யாழினியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். உடனே முகமூடி மாட்டிப் புகை மருந்து கொடுத்தார்கள். என் மடியில் திமிறித் திமிறி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பக்கத்தில் நின்ற மனிதர்மேல் ஆத்திரமும் வந்தது. அரை மணி நேரத்தில் மூச்சு சீரானது. அவள் பிஸ்கட் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா செந்திலிடம் கோபப்படவில்லை. “நீங்க நல்லாருக்குன்னா நான் நல்லாருக்குன்னு எழுதிருவேன். ஒண்ணுக்கும் ஆகாத மருந்துன்னாக்கூட, ஆகும்னு ஆயிரும். நாளைக்கு ஊருல இருக்கற அத்தனை புள்ளைகளுக்கும் அதயே குடுப்பாங்க. எனக்கு மரியாதை வேண்டாங்க. இருமல்னா இருமல்னு சொல்லுங்க.”

“அப்ப எங்களுது தண்ணி பாட்டிலுங்களா?” என்றார் செந்தில்.

“அது எனக்கும் தெரியாதுங்க.”

வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். விலகிவிடுவோம் என்றுதான் வாயெடுத்தேன். கூடத்தில் ஷகிலாவின் மகன் மறுபடியும் இருமினான். இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகப் பிடிபடவில்லை. காந்திபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம், ஊர் வரும்வரை செந்திலுடன் நான் பேசவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் உட்கார இடமிருக்காது. மாற்று உடுப்பும் பிஸ்கட்டும் கட்டாயம் வேண்டும். புரியாததை மூன்று முறையானாலும் கேளுங்கள். மூச்சில் சத்தம் வந்தால் எந்தப் போனுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முக்கியமாக, போனை யார் எடுக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை செந்திலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரச்சொல்லி, போனை ஸ்பீக்கரில் போடவைத்தேன். சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டார். “பரவால்...” என்று ஆரம்பித்த செந்தில் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். 

“விசில் சத்தம் இல்லீங்க. ஆனா நேத்து ராத்திரி ரெண்டு தடவ இருமுச்சுங்க. மூக்கும் ஒழுகுதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“அய்யோ, ரொம்ப சந்தோசமுங்க!” என்றார் சிஸ்டர். குரலில் நிஜமாகவே சந்தோஷம்.

செந்தில் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அம்மணி, புள்ள நல்லாருக்குதுன்னாலும் சந்தோசம்ங்கறாங்க, இருமுதுன்னாலும் சந்தோசம்ங்கறாங்க. இவங்களுக்கு நாம என்னதான் சொல்றது?”

“நடந்ததச் சொல்லுங்க” என்றேன். உள்ளே யாழினி இருமினாள். அவர் உடனே சிஸ்டருக்கே திரும்பப் போன் போட்டார். “ஏனுங்க சிஸ்டர், மூணு தடவைங்க.”