நாலாவது இலை

காஜா பேராங் கிராமத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி நான்கு. அம்மா, அண்ணன், நான் என்று ஆட்கள் மூன்று பேர்தான். நாலாவது அப்பாவுடையது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஜப்பான்காரன் அவரை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவர் இறந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது போதும். பொட்டும் தாலியுமாகவே இருந்தாள்.

சித்திரை முதல் நாள் மேசையில் நாலு இலை போடுவோம். அப்பாவின் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, வெறுமனே விட்டுவிட வேண்டும். "ஆளு வந்து உக்காந்தாத்தான் சோறு போடணும்" என்பாள் அம்மா. நாங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் அது வாடிச் சுருண்டுவிடும். அதைப் பார்த்துக்கொண்டே வடை தின்ன எனக்கு எரிச்சலாக வரும். யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியாது.

மலாய் நாட்டுக்கும் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம். அம்மா குளிக்கப் போயிருந்தாள், அண்ணன் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தான். மேசை என் பொறுப்பு. செம்பருத்தி ஒன்றைப் பறித்து வந்து கிண்ணத்தில் மிதக்க விட்டேன். அப்புறமும் அந்த வெற்று இலை கண்ணை உறுத்தியது. இந்த ஒரு வருஷமாவது நிறைந்திருக்கட்டுமே என்று உப்பு, வேப்பம்பூப் பச்சடி, பருப்பு, வடை, சோறு என்று வரிசையாகப் பரிமாறினேன். தம்ளரில் தண்ணீரும் வைத்தேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு நின்றேன், முட்டாள்.

உள்ளே வந்த அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

"அறிவிருக்கா ஒனக்கு? ஆளில்லாத எலையில சோறு போட்டா அது படையல்."

எனக்குத் தெரியாததா? அமாவாசைக்கு அமாவாசை தாத்தாவுக்கு அப்படித்தானே படைக்கிறோம். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அவன் இலையை இழுக்கக் கை நீட்டினான். அதற்குள் அம்மா ஈரத் தலையோடு வந்துவிட்டாள்.

"எடுக்காத. படச்சத எடுக்கக் கூடாது."

திட்டுவாள் என்று நின்றேன். ஓர் அறை விட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பளம் வைக்கலியே. அது இல்லாம அவருக்குச் சோறு எறங்காது."

அவளே பொரித்து வந்து வைத்தாள். குத்துவிளக்கை எடுத்துவந்து இலைக்கு முன்னால் ஏற்றினாள். பிறகு தலை துவட்டிய துண்டின் நுனியால் நெற்றிப் பொட்டை அழித்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"காக்காவுக்கு வை" என்றாள்.

ஒரு பிடி சோற்றைக் கொல்லை மதில்மேல் வைத்தேன். கையை எடுப்பதற்குள் காகம் வந்து கொத்தியது. அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருசமும் பட்டினி போட்டுட்டேனே அந்த மனுசன."