கங்கப்பனுக்கு ஒரு தூண்டில்

ஓசூர்க் கடைவீதித் தையல்காரர் ராஜப்பனுக்குச் சொந்தம் என்று இருந்தவை ஒரு மெஷின், ஒரு கத்தரிக்கோல், ஒரு நண்பன். முதல் இரண்டும் வேலை நேரத்தில் மட்டும் ஓடும். நண்பன் கங்கப்பன் மாம்பழத் தரகர். வருஷத்தில் நாலு மாதம் வேப்பனப்பள்ளித் தோப்புகளில் அலைவார். மிச்ச எட்டு மாதமும் ராஜப்பன் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்.

மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷத்துத் தை மாதம் அது. ஓசூர் மைசூரோடு சேருமா, சென்னையோடே இருக்குமா என்று கங்கப்பன் காலையில் தமிழில் ஆரம்பிப்பார். மத்தியானம் தெலுங்கில் வாதாடுவார். சாயங்காலம் கன்னடத்தில் தீர்ப்புச் சொல்வார். மறுநாள் தீர்ப்பு மாறிவிடும்.

அந்த மாதம்தான் ராஜப்பனுக்கு முதல் கல்யாண வேலை வந்தது. மத்திகிரி சரோஜம்மாள் வீட்டுக்குப் பதினோரு ரவிக்கை, வெள்ளிக்கிழமை காலைக்குள். அந்த வீட்டுக்குத் தைத்தவருக்கு அந்தப் பக்கத்து வேலை எல்லாம் தானாக வரும். சொதப்பினால் கோணி தைக்கக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். திங்கட்கிழமை கங்கப்பன் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே வெட்டியதில் ஒரு ரவிக்கைக்கு இரண்டும் இடது கையாகப் போயின.

"எழுந்து போப்பா" என்று சொல்லலாம். ஆனால் அந்த மெஷின் பெங்களூரிலிருந்து வந்ததே கங்கப்பன் மடியில்தான். குலுங்கும் லாரியில் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்த மனுஷன்.

ராஜப்பன் தென்பெண்ணைக் கரையில் வளர்ந்தவர். வாயை மூடிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று மத்தியானமே ஒரு மூங்கில் கழியைச் சீவினார். சோளத்தட்டையில் ஒரு துண்டு நறுக்கி மிதப்பு செய்தார். இருட்டுக் கடையில் கைக்குக் கிடைத்த, கறுப்பாகத் தெரிந்த நூல்கட்டையை எடுத்து, பத்து முழத்துக்கு மெழுகு தடவி, மிச்ச நூலை அறுக்காமல் கட்டையிலேயே விட்டார். ஈயத்துண்டு ஒன்று. புழு வைக்கப் பழைய பட்டன் டப்பா. கடைசியில் ஒரு கைஊசியை நெருப்பில் பழுக்கவைத்து வளைத்தார்.

தூண்டில் முள்ளின் முனையருகே பின்னோக்கி ஒரு சின்னப் பல் இருக்கும். கடித்த மீனை நழுவவிடாமல் பிடிப்பது அதுதான். அரத்தைக் கையில் எடுத்த ராஜப்பன், கொஞ்சம் யோசித்துக் கீழே வைத்துவிட்டார். மீன் மாட்டினால் கங்கப்பன் அதைக் காட்ட ஓடி வந்துவிடுவாரே! இது அன்பளிப்பா, ஆளைத் துரத்தும் தடியா என்று மனசு ஒரு தடவை கேட்டது. மெஷினை ஓட்டி அந்தச் சத்தத்தில் அதை அடக்கினார்.

"எனக்காப்பா?" என்று கங்கப்பன் கண் கலங்கியபோதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

கங்கப்பன் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போய்விட, மூன்று நாள் கடையில் மெஷின் சத்தம் மட்டும். பத்து ரவிக்கை முடிந்தது. வியாழன் மத்தியானம் பாக்கி இருந்தது கல்யாணப் பெண்ணின் அரக்கு ரவிக்கை. அதற்கென்றே பெங்களூர் சிக்பேட்டையில் நிறம் பார்த்து வாங்கிய அரக்கு நூலைத் தேடினார். பெட்டியில் கறுப்புக் கட்டை இருந்தது. அரக்கைக் காணோம். இருட்டில் தூண்டிலுக்குப் போனது அதுதான்.

ராஜப்பன் ஏரிக்கரைக்கு ஓடினார்.

கங்கப்பன் கரையில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். நூல்கட்டை அவர் மடியில், ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடு கிடந்தது.

"கங்கப்பா, அந்த நூலு..."

"ஷ்! சும்னிரப்பா. மீன் ஓடிடும்."

"நாளைக்குக் காலையில கல்யாணத் துணி கொடுக்கணும்ப்பா!"

"மெதுவாப் பேசு. புழு சரிப்படலைன்னு கருவாட்டுக்கு மாறியிருக்கேன். வருது, கடிக்குது, போயிடுது. வீட்டுல முனிலட்சுமி மூணு நாளா மசாலா அரைச்சு வச்சிட்டு, கறிவேப்பிலை மட்டும் போட்டு இறக்குறா. ஒரு மீனைப் பிடிச்சிட்டு நூலைத் தர்றேன். அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

ராஜப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். மிதப்பு ஆடியது, நின்றது. வெயில் சாய்ந்தது. அந்த ஊசியில் அடுத்த தைக்கும் மீன் மாட்டாது என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"கங்கப்பா, அதுல மாட்டாதுப்பா."

"ஏன்?"

"பல் வைக்கலை."

"மறந்துட்டியா?"

பொய் சொல்ல வழி இருந்தது. ராஜப்பன் தண்ணீரைப் பார்த்தார். "இல்லை. நீ கடைக்கு வரக் கூடாதுன்னு."

கங்கப்பன் நூலை இழுத்தார். ஊசியை விரலில் குத்திப் பார்த்தார்.

"வாயை மூடுடான்னு சொல்லியிருந்தா மூடியிருக்க மாட்டேன். அது நிஜம்தான்" என்றார். "நூலை எடுத்துக்கோ. ஆனா நானும் வர்றேன். மூணு நாள் பேச்சு உள்ளே கிடக்கு."

அன்று சாயங்காலம் ராஜப்பன் தைத்தார். கங்கப்பன் மூன்று நாளில் தப்பிய மீன்களை ஒவ்வொன்றாக, டேப்பில் நீளம் காட்டிச் சொன்னார். நடுநடுவே பேச்சை நிறுத்தி, "ஏய், அது இடது கை! மாத்து!" என்று அதட்டினார்.

வெள்ளிக்கிழமை சரோஜம்மாள் பதினோரு ரவிக்கையையும் விரித்துப் பார்த்தார். "தையல் சுத்தமா இருக்கு. பங்குனியில என் தங்கச்சி வீட்டு வேலையும் நீங்களே எடுத்துக்குங்க. ஆமா, இந்த அரக்கு ரவிக்கையை மட்டும் எங்க பூனை விடாம நக்குதே, ஏன்?"

"ராசியான துணிம்மா" என்று ராஜப்பன் படியிறங்கினார். கடையில் கங்கப்பன் தூண்டிலும் அரமுமாகக் காத்திருப்பார்.