எங்கள் பியட்டுக்கு ஸ்பிரிங் போட்ட ஞானதுரை அண்ணாச்சி

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் பேண்டேஜ் துணிக்கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதி ஏறியிருக்கும். டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். "ஆச்சி, ஸ்பிரிங் பட்டறை அண்ணாச்சி விடியக்காலம் போயிட்டாகளாம்" என்றார். கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முந்தின வாரம்தான் அண்ணாச்சியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதும் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தங்கச்சி, இந்தக் கட்டிலு நடுவுல தொங்குது பாருங்க. ஆளை எடை போடாம கட்டிலு செஞ்சிருக்கான்" என்று குறைப்பட்டார்கள்.

அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரிக்கு அடியில் பாரம் தாங்குவதற்கு வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்தப் பட்டைகளைக் காய்ச்சி வளைத்துப் பூட்டிக் கொடுக்கும் பட்டறைதான் ராஜபாளையத்தில் அவர்களுடையது. பொழுது சாய்ந்தால் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சர்ச்சில் பாட்டுக்குழுவோடு நிற்பார்கள். குரல் சுமார்தான். ஆனால் எல்லாருக்கும் முந்தி ஆரம்பிப்பார்கள். லாரிக்காரர்கள் சேர்ந்து அண்ணாச்சிக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் இதை நான்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அண்ணாச்சியுடைய கணக்கை ஒரே ஒரு தடவை தப்பாக்கியவள் நான்.

முதன்முதலில் அவர்கள் பட்டறைக்கு நான் போனபோது ஒரு லாரி முதலாளி, "இன்னும் ரெண்டு பட்டை சேத்துப் போடுங்க" என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நிமிரவே இல்லை. "எம்புட்டு ஏத்துவிய?"

"வழக்கமா ஏத்துறதுதான்."

"வழக்கம்னு ஒரு எடை கிடையாதுய்யா. ஏத்தி, எடை மேடையில நிறுத்துட்டு வாங்க. பொறவு பேசுவோம்."

அதுதான் அவர்களுடைய வழி. நிறுக்காத வண்டிக்கு ஸ்பிரிங் போட மாட்டார்கள்.

எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது வாக்கில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பியட் கார் இருந்தது. என் மகன் கணேசனுக்கு அதில் பந்தயம் ஓட்ட ஆசை. மில்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும் மெக்கானிக்குகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு பழைய விமானத் தளத்தில் கூடுவார்கள். இரண்டிரண்டு காராக நிறுத்தி, கால் மைல் நேராக விடுவார்கள். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தவர். அதற்காக ஜீப் பட்டையைப் பின்னால் பூட்டி, வண்டியைக் கல் மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று கணேசன் நின்றான்.

நான் சம்மதிக்கவில்லை. என் மகள் தனம் அப்போது பிள்ளையாண்டு எங்கள் வீட்டில் இருந்தாள். அதற்கு முந்தின பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். போக இருந்ததோ அந்த ஒரு கார்தான். ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே அண்ணாச்சியிடம் போனோம். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு அவர்கள் சிரித்தார்கள்.

"லே கணேசா, கல்லு மாதிரி வச்சா டயரு தரையில நிக்காது, சுத்தும். கிளம்பும்போது வண்டி மூக்கைத் தூக்கணும், பின்னாடி அமுங்கணும். அப்பதான் பின் டயரு தரையைக் கடிக்கும். அதுக்கு முன்பக்கம் மெத்துனு ஸ்பிரிங்கு வேணும். பின்னாடி எடைக்குத் தக்கன பட்டை. ஒங்க அக்காளுக்கு வேண்டியதும் அதுதாம்லே."

"பந்தயத்துல பட்டை முறுக்கிக்கிட்டா?"

"அச்சுக்கு முன்னால இருக்கிற பாதிப் பட்டைய மட்டும் கிளாம்ப் போட்டுக் கட்டுவேன். ஞாயித்துக்கிழமை போடுவேன், திங்கக்கிழமை கழட்டிருவேன். வண்டி ஒண்ணு, ஸ்பிரிங்கும் ஒண்ணு. போதுமா?"

மறுநாள் ஜின்னிங் மில் எடை மேடைக்குக் காரைக் கொண்டுபோனோம். முன் சக்கரத்துக்குத் தனி எடை, பின் சக்கரத்துக்குத் தனி எடை. தினமும் உட்காருகிறவர்கள் எல்லாரும் உட்கார வேண்டும் என்றார்கள் அண்ணாச்சி. நான் மறித்தேன். "வாயும் வயிறுமா இருக்கிற புள்ளையைப் பருத்தி மூடை நிறுக்கிற மேடையில ஏத்துறதா? கண்ணு படாதா அண்ணாச்சி?"

"சரி, அவ எடைக்குத் துணிக்கட்டு வையுங்க" என்றார்கள்.

அங்கேதான் நான் புத்தியைக் காட்டினேன். தாய் வீட்டுச் சாப்பாட்டில் தனம் நன்றாகப் பூரித்திருந்தாள். ஆறு கட்டு வைக்க வேண்டும். மேடையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். கண்ணுக்குப் பயந்து நாலு கட்டு வைத்துவிட்டு, "அம்புட்டுதான், புள்ள ஒல்லி" என்றேன்.

அண்ணாச்சி அதற்குத் தக்கபடி ஸ்பிரிங் போட்டார்கள். தனத்தை ஏற்றிக்கொண்டு தெருமுனை வேகத்தடையைத் தாண்டினால், பின்பக்கம் டொங்கென்று அடித்தது. தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு உயிர் போய் வந்தது.

அண்ணாச்சி காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் பார்த்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே பாடுகிறவர்கள், இரண்டு நாள் பட்டறையில் பாட்டுச் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, காபியைத் தொடாமல் சொன்னார்கள்: "தங்கச்சி, எனக்குக் கை போச்சு போல. நீங்க மதுரையில யாரையாவது பாருங்க. புள்ளத்தாச்சி விசயம். நான் தொட மாட்டேன்."

நாற்பது வருஷம் இரும்பு வளைத்த கை. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "ஆறு கட்டுக்கு நாலுதான் வச்சேன் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார்களே, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தார்கள். "தாயி, ஊரை ஏமாத்துங்க. ஸ்பிரிங்கை ஏமாத்த முடியாது."

ஒரு மெல்லிய பட்டையைக் கூடச் சேர்த்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தயத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு நானும் போனேன். எங்களோடு முதலில் நின்றது ஜீப் பட்டை போட்ட கார். கொடி விழுந்ததும் அதன் டயர் புகையாய்ச் சுற்றியது, வண்டி நகரவில்லை. எங்கள் பியட் குதிரை மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு ஓட்டம் ஜெயித்தோம். மூன்றாவதில் பெரிய என்ஜின் கார் ஒன்று எங்களைத் தோற்கடித்தது. கணேசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அண்ணாச்சி அதற்குள் காருக்கு அடியில் புகுந்து கிளாம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "மூஞ்சியப் பாரு. லே, இந்த வண்டிக்கு நெசப் பந்தயம் இனிமேத்தாம்லே இருக்கு."

பதினைந்து நாள் கழித்து, நடுப்பகலில் தனத்துக்கு வலி கண்டது. சேதி கேட்டு அண்ணாச்சி கரிபடிந்த சட்டையோடு ஓடி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வழி முழுக்க ஜல்லியும் பள்ளமும். யாரையும் பேச விடவில்லை. காதைச் சாய்த்து ஸ்பிரிங் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, கையை மட்டும் ஆட்டி, வலத்தே, இடத்தே என்று கணேசனுக்குக் காட்டினார்கள். என் மடியில் தலை வைத்துக் கண்மூடிப் படுத்திருந்த தனம் பாதி வழியில் கேட்டாள்: "அம்மா, ரோடு போட்டுட்டாங்களா?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். எந்தக் கோப்பை வாங்கினவர் முகத்திலும் அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். கோதை என்று பேர் வைத்தோம். இப்போது ஒன்பது வயது. நான் நின்ற ஐந்தாம் வகுப்பை அடுத்த வருஷம் தாண்டப் போகிறாள், வகுப்பில் முதலாவதாக. பிறந்த அன்றைக்கு அவளை வாங்கி அண்ணாச்சி கையில் கொடுத்தேன். எடை போட்ட நர்ஸ் மூன்றரை கிலோ என்றதும், "இந்தம்மா சொல்லல இல்ல? மேடை சொன்னதுதானே?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள்.

புதன்கிழமை அடக்கம். லாரிகள் சரக்கோடு ரோட்டோரம் நின்றன. கோதை என் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து வந்தாள். நாலு டிரைவர்கள் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தது. பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் பேசிவிட்டது: "மெதுவா இறக்குங்கய்யா. குலுங்கக் கூடாது."

அவர்கள் நிறுத்தி, கயிற்றைச் சமமாக்கி, விரற்கடை விரற்கடையாக இறக்கினார்கள். பெட்டி மண்ணைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

குலுங்காமல் போய்ச் சேருங்கள், அண்ணாச்சி.