குழையல் உருண்டை இரண்டு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இங்கே ஜெர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்கே மனைவிக்குத் துணையாகப் போய், கடைப் பக்கம் வடையும் கையுமாக நின்றவன். ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மனைவி வசந்தி மாசியில் கண்ணை மூடிவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சோற்றையும் பருப்பையும் உப்புக்கூடப் போடாமல் அவித்துத் தின்றேன், போட்டாலும் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. துக்கம் கொண்டாடியது எங்கள் நாய் ஜிம்மிதான். அது அவளுடைய செல்லம். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் கோப்பையை முகர்ந்துகூடப் பார்க்காமல் விட்டது. இந்தக் கிழமையும் சாப்பிடாவிட்டால் ஊசி போட்டு நோகாமல் சாக விடுவதுதான் நல்லது என்று மிருக வைத்தியர் திங்கட்கிழமைக்கு நாள் குறித்து டெர்மின் தந்தார். சரி என்றேன். அதற்கும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் கிழமைக்குத்தான் வசந்தி போன வருடமே ஒரு விடுமுறை வீடு பதிந்து வைத்திருந்தாள். நாயோடு தங்கலாம், மலையும் கடலும் பக்கத்தில் என்று விளம்பரம். மலை என்றது ஒரு வெள்ளைச் சுண்ணாம்பு மேடு, இந்த நாட்டின் வடக்கில் மேடெல்லாம் மலைதான். நான் போகாமல் விடப் பார்த்தேன். மகன் தொலைபேசியில் விடவில்லை.

“அப்பா, அம்மா ஆசைப்பட்டு எடுத்த வீடு. ஜிம்மியும் ஒருக்கால் கடலைப் பாக்கட்டும். போயிட்டு வாங்கோ.”

ஹனோவரிலிருந்து காரில் போனோம். விடுமுறை வீட்டுக்காரி கதவுத் திறப்பையும் நாயின் காலைத் துடைக்க ஒரு துவாயையும் தந்துவிட்டுப் போனாள். மறுநாள் மத்தியானம் கடலிலிருந்து பனிப்புகார் ஏறி முற்றமே தெரியவில்லை. நான் காலையில் அவித்த சோறும் பருப்பும் அடுப்பில் ஆறிக் கிடந்தன. கதவைப் பூட்டி, நடக்க ஏலாத ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய், அலையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் அது என் கையிலிருந்து துள்ளி இறங்கி, வாலை ஆட்டியபடி குசினிக்குள் ஓடியது.

மேசையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு உருண்டை.

வசந்தி மிஞ்சிய சோறு கறியைச் சட்டியிலேயே குழைத்து உருட்டி, எனக்கொன்று ஜிம்மிக்கொன்று தருவாள். என்னுடையதில் பச்சை வெங்காயம் இருக்கும். நாய்க்கு வெங்காயம் ஆகாது என்று ஜிம்மியுடையதில் இருக்காது. வீட்டுக்காரி வந்திருப்பாள் என்பீர்கள். அந்த ஜெர்மன் மனுசிக்குக் குழையல் எங்கே தெரியும்? தட்டிலிருந்த ஒன்றில் வெங்காயம் தெரிந்தது, நம்பினால் நம்புங்கள், நான் வெங்காயமே கொண்டு போகவில்லை.

மற்றதை நிலத்தில் வைத்தேன். ஜிம்மி ஒரு பருக்கை விடாமல் தின்றது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என்னுடையதை எடுத்தேன், அது கைச்சூட்டில் இருந்தது, வாயில் போட்டுக்கொண்டு பழக்கதோசத்தில் சொன்னேன்.

“உப்புக் காணாது.”

என் பிரஷருக்காக அவள் உப்பைக் குறைத்த நாளிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டிலும் நான் சொன்ன வார்த்தை அது. “உங்களுக்கு இது போதும்” என்பாள். அன்று ஜிம்மி பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் பார்த்து வாலை ஆட்டியது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

டெர்மினை ரத்துச் செய்தேன். ஜிம்மி இப்போது கோப்பையை நக்கி நக்கிச் சாப்பிடுகிறது, அதில் எனக்குச் சந்தோசம்தான். வைத்தியர் அதிசயம் என்றார்.

போன மாதம் மகன் வந்தான். நான் வைத்த பருப்பைச் சோற்றில் விட்டு ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

“என்னப்பா, உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறியள்? உங்கட பிரஷருக்கு இது கூடாதெல்லே!”

நான் இன்றுவரை உப்புப் போடுவதில்லை. வீட்டில் உப்பு வாங்கி வைக்கவும் இல்லை. அவன் எழுந்து போன பிறகு அதே பருப்பை நானும் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். எனக்கு உப்பு இன்னும் காணாமல்தான் இருந்தது.