தோற்றுப்போன காங்கிரஸ் உறுப்பினர்

நாற்பது வயது தாண்டிய பிறகுதான் கனடாவில், அஜின்கோர்ட்டில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தேன். ஆளுக்கொரு அரசியல்வாதியின் வாழ்க்கையை எடுத்து, வகுப்புக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும் என்றார் டீச்சர். எனக்குக் கிடைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். அதிகம் பேர் அறியாத மனிதர்.

வயலில் உழுத கமக்காரரின் மகன். தோல் பதனிடும் கொட்டிலில் வேலை செய்துகொண்டே சட்டம் படித்து, காங்கிரசுக்குப் போனவர். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை அவருடைய கட்சி ஆதரித்தது. இவர் எழும்பி எதிர்த்துப் பேசினார். ஊர் திரும்பியபோது சனம் அவர் வீட்டு யன்னல்களுக்குக் கல்லெறிந்தது. அடுத்த தேர்தலில் தோற்றார்.

இதை வாசித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஊரில் எங்கள் அண்ணை ஒரு மாணவர் கூட்டத்தில் பேசிய மறுநாள், அவரைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பின்வேலியால் பாய்ந்து தப்பினார். அதன்பிறகு அம்மா எங்களை ஒரு கூட்டத்திலும் வாய்திறக்க விடவில்லை. அந்தப் பழக்கம் என்னோடு கனடாவுக்கும் வந்துவிட்டது.

பேசவேண்டிய நாளுக்கு முதல்நாள் அண்ணைக்குப் போன் எடுத்து, உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி வீட்டில் நிற்கப் போகிறேன் என்றேன். அவரும் இப்போது கனடாவில்தான், ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"போய்ப் பேசு. இஞ்ச ஒருத்தரும் தேடி வரமாட்டினம்."

போனேன். கடதாசியைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். கல்லெறி விழுந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணி குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். தோற்றவர் சின்ன ஊரொன்றில் வழக்குகள் பேசிப் பிழைத்ததையும், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அதே சனம் அவரைத் திரும்பத் தெரிவுசெய்ததையும், வயதுபோய்த் தன் கட்டிலிலேயே நிம்மதியாகக் கண்மூடியதையும் சொன்னேன்.

பின்வரிசையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி கை உயர்த்தினாள். அந்த மனிதர் பயப்படவில்லையா என்று கேட்டாள்.

புத்தகங்களில் அதற்குப் பதில் இல்லை. "பயந்திருப்பார், பயந்துகொண்டேதான் பேசியிருப்பார்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில். டீச்சர் தலையாட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். ஒருவரும் என்னை ஒருமாதிரிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் தன் பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. பக்கத்துக் கடையில் சுடச்சுட மட்டன் றோல் வாங்கி, நின்றபடியே தின்றேன். அவ்வளவு பசித்து நான் சாப்பிட்டுக் கனகாலம்.